சொல்லாமல் வளர்த்த பூனைகளுக்காக அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வி நீளமானது. படிக்கிற மற்றவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நங்கநல்லூரில் உங்களுக்கு இரண்டு படுக்கையறை உள்ள வீடு. மாத வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் குடியிருந்த குடும்பம் காலி செய்து இருபது நாளாகிறது. 'செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது. மீறினால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. சாவியை வாங்கிக் கதவைத் திறந்த பிறகுதான் வீட்டுக்குள் இரண்டு பூனைகள் வளர்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. கேட்டபோது, "ஆமாம் சார், பூனை இருந்தது, சுத்தம் செய்து தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்திருக்கிறது. பூசு வேலைக்கு 45,000, புதுக் கதவுக்கு 22,000, அலமாரிக்கு 35,000, கொசுவலைக்கு 6,000, ஆழ்ந்த சுத்தத்துக்கு 8,000, மீதி 34,000 ஒப்பந்தத்தை மீறியதற்கு அபராதம் என்று கணக்குப் போட்டு, ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை. உங்கள் கோபம் நியாயமானது, கணக்கு நியாயமானதல்ல. அட்வான்ஸ் என்பது வீட்டுக்கு நேர்ந்த சேதத்துக்கும் வாடகை, மின்கட்டணப் பாக்கிக்கும் ஈடாக உங்களிடம் இருக்கும் பணம். உங்களிடம் பொய் சொன்னதற்கு விலை போட அந்தப் பணத்தைப் பயன்படுத்த முடியாது. பூனையை மறைத்தது ஒரு விஷயம், பூனையால் வீடு கெட்டது வேறொரு விஷயம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் வீட்டுக்காரர்கள் பலர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்கிறார்கள்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது அதன் 11ஆவது பிரிவு. நீங்கள் வாங்கியிருப்பது எட்டு மாத வாடகைக்கும் அதிகம். சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்தோடு பார்த்தால் இது குறைவுதான். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருப்பதால் அதை மட்டும் வைத்து உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விஷயம் வாடகை நீதிமன்றம் வரை போனால், மூன்று மாதத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு அதையும் தர மறுக்கிறவர் என்ற தோற்றத்தோடுதான் நீங்கள் அங்கே போய் நிற்பீர்கள்.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். உங்களுக்கு இருபது நாள் போய்விட்டது. மிச்சமிருக்கும் பத்து நாளை வாக்குவாதத்தில் கழிக்காதீர்கள்.

இப்போது அந்த 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்ற வரிக்கு வருவோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியைத்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவு, இத்தகைய வரிகளுக்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை அதற்கான உச்சவரம்பு. அந்தத் தொகை முழுவதும் தானாக உங்களுக்குச் சொந்தமாகிவிடாது.

இதை உச்ச நீதிமன்றம் 2015இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் மிகத் தெளிவாகச் சொன்னது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் விட்ட ஒரு மனையை அந்த நிறுவனம் 3.12 கோடி ரூபாய்க்குக் கேட்டு, 78 லட்சம் ரூபாயை முன்பணமாகக் கட்டியது. மீதிப் பணம் குறித்து இழுபறி ஏற்பட, ஆணையம் ஏலத்தை ரத்து செய்து முன்பணத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு மறு ஏலத்தில் விற்றது. இழப்பே ஏற்படாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது நீதிமன்றம். இழப்பை ரூபாயில் நிரூபிப்பது கடினமான இடங்களில், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உண்மையான முன்மதிப்பீடாக இருந்தால் அதை ஏற்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் பூனை கிழித்த கொசுவலைக்கும் ஊறிப்போன பிளைவுட்டுக்கும் கடையில் விலை இருக்கிறது, பில் வாங்க முடிகிறது. ஆகவே உங்கள் கணக்கிலிருக்கும் 34,000 ரூபாய் அபராதத்தை இன்றே அடித்துவிடுங்கள்.

மீதியுள்ள இனங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கேதான் நிதானம் வேண்டும்.

பூசு வேலைக்கு நீங்கள் போட்டிருக்கும் 45,000 ரூபாய் வீடு முழுவதற்குமானது. கடைசியாக வண்ணம் பூசியது இந்தக் குடும்பம் குடிவருவதற்கு முன்பு, மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூனையே இல்லாவிட்டாலும் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நீங்கள் பூசித்தான் இருப்பீர்கள். மங்கிய நிறம், ஆணி அடித்த துளை, நாற்காலி உரசிய கோடு எல்லாம் குடியிருப்பதால் வரும் இயல்பான தேய்மானம். இயல்பான தேய்மானம் நீங்கலாக, ஒப்படைத்தபோது இருந்த நிலையில் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் விதி. அதைவிட முக்கியமாக, வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில், காலி செய்யும்போது வண்ணப்பூச்சுக்காக ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்று தனியாக ஒரு நிபந்தனை இருக்கிறதல்லவா? அந்த 18,000 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை எடுத்துக்கொண்ட பிறகு பூனையின் பெயரால் இன்னொரு 45,000 எடுப்பது ஒரே சுவருக்கு இரண்டு முறை பணம் வாங்குவது. இந்தத் தவற்றை வீட்டுக்காரர்கள் அடிக்கடி செய்கிறார்கள், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பதும் இதைத்தான்.

கதவுக்கு 22,000. புகைப்படத்தைப் பார்த்தேன். படுக்கையறைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் நிலையிலும் நகக்கீறல்கள் இருக்கின்றன. கதவு தொங்கவில்லை, பிளக்கவில்லை, பூட்டு வேலை செய்கிறது. தேய்த்து, பட்டி வைத்து, பாலிஷ் போட்டால் சரியாகிவிடும். உங்கள் தச்சரே அதற்கு 3,500 ரூபாய் சொல்லியிருக்கிறார். பழுது பார்த்தால் சரியாகும் பொருளுக்குப் புதுப்பொருளின் விலையைக் கேட்கக் கூடாது.

அலமாரி விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. கீழ்ப்பலகையில் பூனை தொடர்ந்து சிறுநீர் கழித்து, பிளைவுட் ஊறி உப்பியிருக்கிறது. இது தேய்மானம் அல்ல, கவனக்குறைவால் வந்த சேதம். வீட்டை அக்கறையோடு பார்த்துக்கொள்வதும் சேதம் ஏற்பட்டால் உடனே தெரிவிப்பதும் வாடகைதாரரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. இரண்டையும் அவர்கள் செய்யவில்லை. ஆனாலும் முழு அலமாரியை மாற்ற 35,000 கேட்பது நிற்காது. அலமாரி செய்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன, கெட்டிருப்பது கீழ்ப்பலகையும் ஒரு பக்கவாட்டுப் பலகையும்தான். அவற்றை மாற்ற 9,000 என்ற மதிப்பீடு உங்களிடமே இருக்கிறது. அதை வாங்குங்கள்.

கொசுவலைக்கு 6,000 ரூபாய் முழுவதும் நியாயம். வலை மாற்றுவது அந்த இரண்டாவது அட்டவணைப்படி வாடகைதாரரின் பொறுப்பு. சுத்தம் செய்ய 8,000 ரூபாயும் நியாயம், பில் இருக்குமானால்.

கூட்டினால் 18,000, 3,500, 9,000, 6,000, 8,000 என்று மொத்தம் 44,500 ரூபாய் வருகிறது. திருப்பித் தர வேண்டியது 1,05,500. நீங்கள் நினைத்ததற்கும் இதற்கும் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வித்தியாசம் என்பது தெரிகிறது. ஆனால் இந்த 44,500க்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் காகிதம் இருக்கிறது. இதை எந்த அதிகாரியின் மேசையிலும் தயங்காமல் வைக்கலாம்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அந்த இடத்தில் பணத்தை வீணடிக்கிறார்கள். பூனைச் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் படிகமாக மாறிச் சுவரின் பூச்சிலும் மரத்திலும் தங்கிவிடும். தண்ணீரோ பினாயிலோ அதைக் கரைக்காது. சுத்தம் செய்த அன்று வாடை போனது போலிருக்கும். ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் மறுபடி கிளம்பும். அதற்குள் புதிதாக ஒருவர் குடிவந்திருப்பார். நொதி கலந்த துப்புரவுத் திரவங்கள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை ஊற்றி, நன்றாக ஊறவிட்டு, உலரவிட வேண்டும். எங்கெங்கே கழித்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், கறைகள் பளிச்சென்று தெரியும். அந்தப் புகைப்படமே உங்களுக்குச் சான்றாகவும் ஆகும். கறை படிந்த சுவரில் நேரடியாக வண்ணம் பூசாதீர்கள். முதலில் வாடையை அடைக்கும் பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல்தான் வண்ணம். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்க் கறை மேல் கொட்டவே கூடாது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு உண்டாகும். மூடிய அறையில் வேலை செய்கிற பெண்ணிடம் பிளீச்சைக் கொடுத்துவிட்டு நீங்கள் வாசலில் நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது.

நாய் இருந்த வீடாக இருந்தால் உண்ணியையும் பாருங்கள். நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகும். சுவர் வெடிப்பிலும் நிலைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்திலும் ஒளிந்திருக்கும். நாய் போன பிறகும் அது போகாது. அந்தப் பூச்சி மருந்துச் செலவும் வாடகைதாரரிடம் கழிக்கத் தக்கதுதான்.

மறைத்ததை நான் லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பூனையின் உமிழ்நீரிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் ஒவ்வாமைப் பொருள், பூனை போன பிறகும் பல மாதங்கள் வீட்டில் தங்கியிருக்கும். அடுத்து வரும் குடும்பத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் அந்தக் குழந்தைக்குத்தான் மூச்சிரைக்கும். வாடகைதாரர் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் அடுத்தவரிடம் சொல்லியிருப்பீர்கள். வீட்டில் விலங்கு இருந்தது என்ற செய்தி அந்த வீட்டில் அடுத்து வாழப்போகிறவருக்கும் சேரவேண்டியது. மறைத்தவர்கள் அதைத்தான் பறித்தார்கள். நீங்களும் அடுத்தவரிடம் மறைக்காதீர்கள்.

பணத்தைக் கழிக்கும் முறையும் தொகை அளவுக்கு முக்கியம். குடிவந்தபோது புகைப்படம் எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது குறைதான், ஆனால் உங்களிடம் அந்த வாட்ஸ்அப் பதில் இருக்கிறது. பூனை இருந்ததை அவர்களே ஒப்புக்கொண்ட எழுத்து அது. அதை அழிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பு ஒவ்வொரு சேதத்தையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். பழைய குடித்தனக்காரரை ஒரு நாள் வரச்சொல்லி நேரில் காட்டுங்கள். வரவில்லையென்றால் அழைத்தது எழுத்தில் இருக்கட்டும். உப்பிய பலகையைக் கண்ணால் பார்த்த பிறகு வாதாடுகிறவர்கள் குறைவு. எட்டிப் பார்க்காத வீட்டைப் பற்றி ஃபோனில் ஒரு தொகையைச் சொன்னால், யாராக இருந்தாலும் தன்னை ஏமாற்றுவதாகத்தான் நினைப்பார்கள்.

சென்னையில் குடித்தனக்காரர்கள் கடைசி மூன்று நான்கு மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொடுத்த பணம் திரும்பி வராது என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியது காரணம் சொல்லாமல் பணத்தைப் பிடித்துக்கொண்ட வீட்டுக்காரர்கள். உங்கள் குடித்தனக்காரர் கடைசி மாதம் வரை வாடகையைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பூனையை மறைத்த அதே குடும்பம்தான், ஆனால் பணத்தில் நாணயமாக இருந்திருக்கிறது. அதையும் கணக்கில் வையுங்கள்.

காலி செய்தவர்கள் ஒரு பூனையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அது இன்னும் பின்கட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குற்றம் செய்தது அவர்கள். ஆனால் நீங்கள் அதைச் சாக்கில் கட்டித் தொலைவில் விடச் சொன்னால் அடுத்த குற்றம் உங்களுடையதாகிவிடும். வந்து அழைத்துப் போகும்படி அவர்களுக்கு எழுதுங்கள். அதுவரை ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைப்பதால் வீட்டுக்கு எந்த நட்டமும் வராது. அவர்கள் வரவே மாட்டார்கள் என்று தெரிந்தால், வேளச்சேரிப் பக்கம் உள்ள புளூ கிராஸைப் போன்ற அமைப்பிடம் ஆலோசனை கேளுங்கள்.

இதைப் படிக்கிற வேறு வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குடித்தனம் இருக்கும்போதே நாயோ பூனையோ இருப்பது தெரியவந்தால் என்ன செய்வது? திடீரென்று போய்க் கதவைத் தட்டி உள்ளே நுழைய உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் வீடாக இருந்தாலும், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, காரணமும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவிடாதீர்கள். அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. அப்படிச் செய்தால் அந்த நிமிடத்திலிருந்து குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள்தான். ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனை மீறப்பட்டது, எத்தனை நாளில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். வீட்டைச் சேதப்படுத்தும் விதமாகவோ அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரும் விதமாகவோ பயன்படுத்துவதை, எச்சரிக்கை கொடுத்த பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்தால், காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்தை அணுக அது ஒரு காரணமாகும். வீட்டில் விலங்கு இருக்கிறது என்பது மட்டும் போதுமான காரணமாக நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சேதமும் தொல்லையும்தான் எடைபோடப்படும்.

அடுக்குமாடி வீடாக இருந்தால் சங்கத்தின் பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. "எனக்கொன்றும் இல்லை, அசோசியேஷன் விதி" என்பார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. ஆனால் அது சங்கத்துக்குச் சொல்லப்பட்டது. தன் சொந்த வீட்டை வாடகைக்கு விடும் ஒருவர், விலங்கு வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கேட்பது வேறு. அது இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் விஷயம். வேண்டாமென்றால் உங்கள் பெயரிலேயே வேண்டாமென்று சொல்லுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் எழுதுவதால்தான் மறைப்பு பெருகுகிறது. நாய் பூனை வைத்திருப்பவருக்கு இந்த நகரத்தில் வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்று எந்தப் புரோக்கரைக் கேட்டாலும் சொல்வார். பத்து வீட்டில் முகத்தில் கதவைச் சாத்தக் கண்டவர், பதினோராவது வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். விலங்கை உறவினர் வீட்டில் வைத்துவிட்டு வந்து, கையெழுத்துப் போட்டு, குடியேறிய ஒரு வாரம் கழித்து இரவில் கூடையில் கொண்டுவருவார். அதன் பிறகு கொசுவலை கிழிந்தாலும் சொல்லமாட்டார், பலகை ஊறினாலும் சொல்லமாட்டார். சொன்னால் பூனை வெளியே வந்துவிடும். உங்கள் அலமாரி கெட்டதும் அப்படித்தான். முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு தட்டு மணலிலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பிலும் முடிந்திருக்கும்.

ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் தடை வரிக்குப் பதிலாக ஒரு கேள்வியை வையுங்கள். என்ன விலங்கு, எத்தனை, கருத்தடை செய்தாயிற்றா, வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடப்பட்டது? கருத்தடை செய்யாத ஆண் பூனை சுவரிலும் கதவிலும் நின்றவாக்கில் சிறுநீரைப் பீய்ச்சும் பழக்கமுள்ளது, ஆகவே அந்தக் கேள்வி சம்பிரதாயத்துக்கு அல்ல. நாயாக இருந்தால் சென்னை மாநகராட்சியின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் வாங்கத் தடுப்பூசிச் சான்று வேண்டும். எனவே ஒரு காகிதத்தைப் பார்த்தாலே இரண்டும் உறுதியாகிவிடும். காலி செய்யும்போது நொதித் திரவத்தால் சுத்தம் செய்வதும் பூச்சி மருந்து அடிப்பதும் வாடகைதாரர் செலவு, பில்லில் உள்ளபடி, என்று எழுதுங்கள். சொல்லாமல் புதிதாக ஒரு விலங்கைக் கொண்டுவந்தால் எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அட்வான்ஸைப் பறிமுதல் செய்வோம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது நிற்கவும் நிற்காது, மறைக்கவும் தூண்டும்.

சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து, இருவர் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கதவுகளின் கீழ்ப்பகுதி, ஜன்னல் வலை, அலமாரியின் அடித்தட்டு, குளியலறை மூலை ஆகியவற்றைக் கேமரா கிட்டத்தில் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி அலமாரிக்குள் வைத்துவிடாமல், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அரசின் இணையதளத்திலேயே செய்ய முடியும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்ற பழைய நம்பிக்கை இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. பதிவில்லாத ஒப்பந்தத்தின் நிபந்தனையைக் காட்டி உரிமை கோருவது உங்களுக்கும் கடினம், அவர்களுக்கும் கடினம்.

இனி உங்கள் கடிதம். இந்த வாரமே எழுதுங்கள், நான்கு பத்தி போதும். முதலில், எந்தத் தேதியில் சாவி வாங்கினீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு. பிறகு, ஒப்பந்தத்தில் விலங்கு பற்றிய நிபந்தனை இருந்ததும் அவர்கள் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டதும், வசைச்சொல் இல்லாமல் இரண்டே வாக்கியத்தில். அடுத்து, கழிக்கும் ஐந்து இனங்கள், ஒவ்வொன்றுக்கும் தொகை, பக்கத்தில் புகைப்பட எண், பில் அல்லது மதிப்பீட்டின் நகல். கடைசியாக, மீதி 1,05,500 ரூபாயை எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு அனுப்புகிறீர்கள் என்பதும், கழித்த தொகையில் ஆட்சேபம் இருந்தால் எத்தனை நாளுக்குள் எழுதலாம் என்பதும். பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்புங்கள். ஆட்சேபம் வருமோ என்று காத்திருந்து மீதிப் பணத்தை நிறுத்தி வைக்காதீர்கள். சர்ச்சை 44,500 ரூபாயைப் பற்றியது, மற்ற 1,05,500 அவர்களுடைய பணம். அதை வங்கி வழியாக அனுப்பி, பரிமாற்ற எண்ணைக் கடிதத்தின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.